அரிசோனா வீட்டுத் தண்ணீருக்கு எது சரி: சாஃப்ட்னரா, ஆர்.ஓ.வா, வினிகரா?

பீனிக்ஸ் பக்கம், அதுவும் சாண்ட்லர், கில்பர்ட், டெம்பி என்று நம்மவர்கள் நிறைய குடியிருக்கும் ஊர்களில், வீடு வாங்கிய சூட்டோடு வந்து கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் தண்ணீர் மெஷின் விற்பவராகத்தான் இருப்பார். கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர், இரண்டு கண்ணாடிக் குப்பி, கொஞ்சம் திரவ சோப்பு. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சோப்பைச் சொட்டிக் குலுக்குவார். நுரை வராது, வெள்ளையாகக் கலங்கி நிற்கும். அவர் கொண்டுவந்த தண்ணீரிலோ நுரை பொங்கும். அப்புறம் மீட்டரைத் தண்ணீரில் விட்டு, "600 காட்டுது பாருங்க, இதையா குழந்தைக்குக் குடுக்கறீங்க?" என்பார். பேச்சு முடியும்போது 6,000, 7,000 டாலருக்கு ஒரு ஒப்பந்தம் மேஜைமேல் இருக்கும், மாதத் தவணையோடு.

அவர் காட்டிய சோப்பு வேடிக்கை பொய்யில்லை. மீட்டர் காட்டிய எண்ணும் பொய்யில்லை. ஆனால் அவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். சோப்பு நுரைக்காததற்குக் காரணம் கால்சியமும் மக்னீசியமும். மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தத்தை. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுக்க அவர் விற்கும் சாஃப்ட்னரைப் பொருத்திய பிறகு அதே மீட்டரை விட்டுப் பார்த்தால் எண் இறங்கியிருக்காது, ஒரு சிட்டிகை கூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. பாத்ரூமில் படியும் வெள்ளைப் படிவு ஒரு பிரச்சினை, குடிக்கிற தண்ணீரின் ருசி இன்னொரு பிரச்சினை. ஒரே மெஷின் இரண்டையும் தீர்க்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் வராது.

தண்ணீர் ஏன் இப்படி இருக்கிறது? பீனிக்ஸ் வட்டாரம் குடிப்பது முக்கியமாக மூன்று ஆறுகளின் தண்ணீர்: சால்ட், வெர்டி, கொலராடோ. இதில் கொலராடோ சுண்ணாம்புப் பாறையையும் ஜிப்சத்தையும் கரைத்துக்கொண்டு, வழியில் உப்பு ஊற்றுகளையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. லேக் பவல், லேக் மீட் போன்ற பெரிய தேக்கங்களில் வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடுகிறது. அங்கிருந்து லேக் ஹவாசு வந்து, 336 மைல் நீளமுள்ள மத்திய அரிசோனா கால்வாயில் ஏறிப் பாலைவனத்தைக் கடக்கிறது. எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போகும் தண்ணீர் உப்பாகிவிட்டது என்ற தகராறு பெரிதாகி, 1974ல் அமெரிக்கா இந்த ஆற்றின் உப்பைக் கட்டுப்படுத்தவே தனிச் சட்டம் போட்டது.

கணக்குக்கு வருவோம். தண்ணீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். சுண்ணாம்புக் (கால்சியம் கார்பனேட்) கணக்கில் அது லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனாலே 'மிகவும் கடினமான நீர்' என்று அமெரிக்க நிலவியல் துறை வகைப்படுத்துகிறது. இங்கே பொதுவாக 200லிருந்து 300 வரை இருக்கும். பகுதிக்குப் பகுதி, பருவத்துக்குப் பருவம் மாறும். சாஃப்ட்னர்காரர்கள் இதையே கிரெய்ன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிரெய்ன் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 17 மில்லிகிராம். 250 என்று வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நாளொன்றுக்கு 800 லிட்டர் புழங்கினால், 200 கிராம் சுண்ணாம்பு தினமும் நம் குழாய்களின் வழியே போகிறது. மாதத்துக்கு 6 கிலோ. பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். தங்குகிற சொச்சம்தான் நம் தலைவலி.

எங்கெல்லாம் தங்கும் என்று பார்த்தால் முதல் இடம் வாட்டர் ஹீட்டர். சூடுபட்டால் கால்சியம் கார்பனேட் பிரிந்து படியும், அதனால் பச்சைத் தண்ணீர்க் குழாயைவிட வெந்நீர்ப் பக்கம்தான் அடி அதிகம். கேஸ் ஹீட்டரின் அடியில் இரண்டு விரல்கடை வண்டல் சேர்ந்ததும், அதற்குக் கீழே மாட்டிய தண்ணீர் கொதித்துச் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் போடும். அடுத்தது டிஷ்வாஷர். 2010 வாக்கில் அமெரிக்க டிஷ்வாஷர் பவுடர்களிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துவிட்டார்கள். ஏரி குளங்களுக்கு நல்லது, ஆனால் கடின நீர் ஊர்களில் கண்ணாடி டம்ளர்கள் மங்க ஆரம்பித்தன. எவர்சில்வர் தட்டைத் துடைக்காமல் கவிழ்த்தால் காய்ந்த ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வெள்ளை வட்டம். பூஜை அறை வெள்ளி விளக்கைக் கழுவி அப்படியே வைத்தால் இன்னும் மோசம். சமையலில் துவரம்பருப்பு காட்டிக் கொடுத்துவிடும்: பருப்பின் செல் சுவரில் உள்ள பெக்டினோடு கால்சியம் சேர்ந்து இறுகிக்கொள்வதால், ஊரில் மூன்று விசிலில் மசிந்த பருப்பு இங்கே ஐந்துக்கும் முழுசாக நிற்கும். டீயின்மேல் மெல்லிய ஏடு கட்டும். பில்டர் காபி டிகாக்ஷனும் சப்பென்று இருக்கும், தண்ணீரிலுள்ள பைகார்பனேட் காபியின் புளிப்பை அடித்துவிடுவதால்.

உடம்புக்குக் கெடுதலா என்றால், இல்லை. கால்சியமும் மக்னீசியமும் நாம் சாப்பாட்டில் தேடுகிற சத்துகள்தாம். கடினத்தன்மைக்கு அமெரிக்காவில் ஆரோக்கிய வரம்பு என்று ஒன்று கிடையாது. நகராட்சி அதை எடுக்காமல் விடுவதற்கும் அதுதான் காரணம். முடி கொட்டுவதுதான் நம் வாட்ஸாப் குழுக்களில் அழியாத தலைப்பு. கடின நீரில் சோப்பும் ஷாம்புவும் முழுக்க அலசப்படாமல் முடி சொரசொரவென்று ஆகும், சிக்கு பிடிக்கும், அது உண்மை. வேரோடு கொட்ட வைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தோல் வறட்சிக்கும் அதே கதை, போதாக்குறைக்குப் பாலைவனக் காற்று வேறு. குழந்தைகளின் எக்ஸிமாவுக்கு சாஃப்ட்னர் உதவுமா என்று இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2011ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சைக்கு மேல் சாஃப்ட்னரால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே 'குழந்தையின் தோலுக்காக' என்று யாராவது விற்க வந்தால் பர்ஸை மூடிக்கொள்ளலாம்.

சரி, இருக்கிற வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, மெஷின் எதுவும் வாங்காமல் சமாளிப்பது. இதைக் குறைவாக எடைபோட வேண்டாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வெள்ளை வினிகர் ஒரு கேலன், இந்தியக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) ஒரு பாக்கெட், இரண்டும் சேர்ந்து பத்து டாலருக்குள் முடியும். ஷவரைக் கழற்றக்கூட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ராத்திரி விட்டுவிட்டால் காலையில் அடைபட்ட துளைகள் திறந்துவிடும். கெட்டிலுக்கு ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பைப் போட்டுக் கொதிக்கவிட்டுக் கொட்டினால் போதும், வினிகர் வாடையும் இருக்காது. குழாய் முனையில் இருக்கும் சிறு வலையை அவ்வப்போது திருகி எடுத்து ஊறப்போடுங்கள். தண்ணீர் மெல்லியதாக வருகிறது என்று பிளம்பரைக் கூப்பிடும் பாதி வீடுகளில் அடைப்பு அங்கேதான் இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள்: அரிசோனா வீடுகளில் பரவலாக இருக்கும் டிராவர்டைன், மார்பிள் தரைகளில் அமிலம் பட்டால் கல்லையே அரித்துவிடும். பிளீச்சோடு வினிகரை ஒருபோதும் கலக்கக் கூடாது, விஷவாயு வரும். இந்த வழி எட்டாத இடம் ஹீட்டரின் உட்புறம். சொந்த வீடாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை ஹீட்டரின் அடிக் குழாயில் ஹோஸ் மாட்டி வண்டலைக் கழுவி வெளியேற்ற வேண்டும். தொட்டியில்லாத ஹீட்டர் என்றால் ஒரு சின்ன பம்பை வைத்து வினிகரை உள்ளே சுற்றவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுப் பழுதானால் வாரண்டி செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, உப்பு போடும் சாஃப்ட்னர். உண்மையில் கடினத்தன்மையை எடுக்கிற வேலையை வீடு முழுவதற்கும் ஒழுங்காகச் செய்வது இது ஒன்றுதான். தொட்டிக்குள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும், பெரும்பாலும் நடுராத்திரியில், உப்புக் கரைசலால் தன்னைத்தானே அலசிக்கொள்ளும். பலன் முதல் குளியலிலேயே தெரியும். அந்த வழுவழுப்பு சிலருக்குச் சோப்பு போகாத உணர்வைத் தரும். பழக ஒரு வாரம் ஆகலாம். சோப்பும் டிடர்ஜெண்டும் முன்னைவிடப் பாதி போதும். கண்ணாடிக் கதவு, டிஷ்வாஷர், ஹீட்டர் எல்லாம் பிழைக்கும்.

செலவு பக்கம்: பெரிய ஹார்ட்வேர் கடைகளில் மெஷின் 500லிருந்து 900 டாலருக்குள் கிடைக்கும். பத்து பதினைந்து வருஷத்துக்குள் கட்டிய வீடாக இருந்தால் கராஜ் சுவரில் மூடிபோட்ட இரண்டு செம்புக் குழாய்கள் வளைந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். அதுதான் சாஃப்ட்னர் மாட்டவென்றே விட்டுவைக்கும் சாஃப்ட் வாட்டர் லூப். அது இருந்தால் பொருத்துவது சில மணி நேர வேலை. இல்லையென்றால் சுவரை உடைக்க வேண்டிவரும், அப்போது பிளம்பர் கூலி மெஷின் விலையைத் தாண்டலாம். அதன் பிறகு உப்பு. கழிக்கிற ஒவ்வொரு கிராம் சுண்ணாம்புக்கும் ஏறத்தாழ இரண்டு கிராம் உப்பு வேண்டும். மேலே போட்ட கணக்கின்படி மாதம் 12 கிலோ, அதாவது 18 கிலோ மூட்டை ஒன்று ஒன்றரை மாதத்துக்கு வரும். பணம் பெரிதில்லை. ஜூலை மாதக் கராஜ் சூட்டில் அந்த மூட்டையைத் தூக்கி, இடுப்பளவு தொட்டியில் கொட்டுவது யார் என்பதுதான் கேள்வி. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: கடிகாரத்தை வைத்து அலசுகிறதா, புழங்கிய தண்ணீரை அளந்து அலசுகிறதா? அளந்து அலசுவதையே வாங்குங்கள். மற்றது நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் மாதத்திலும் உப்பையும் தண்ணீரையும் கொட்டிக்கொண்டிருக்கும். கடினத்தன்மை எண்ணையும் நகராட்சியின் தண்ணீர் அறிக்கையைப் பார்த்து நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் விற்பனையாளர் 25 கிரெய்ன் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார், ஊர்த் தண்ணீரோ 15ஐச் சுற்றித்தான். உப்பு மூட்டை மளமளவென்று காலியானதும்தான் அவர்கள் அந்த எண்ணையே பார்த்தார்கள்.

சோடியத்தைப் பற்றிப் பயம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. 250 அளவுள்ள தண்ணீரை சாஃப்ட்னரில் விட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 115 மில்லிகிராம் சோடியம் சேரும். இரண்டு லிட்டர் குடித்தால் 230. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 2,000க்குள். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயிலேயே அந்த 230ஐத் தாண்டிவிடுவோம். இருந்தாலும் ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள், குழந்தைக்குப் பால்மாவு கரைப்பவர்கள் சமையலறைப் பச்சைத் தண்ணீரை சாஃப்ட்னரில் சேர்க்காமல் விடுவது நல்லது. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உப்பும் போடலாம். விலை சில மடங்கு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, விற்பவர்கள் பேசாதது. நாம் கொட்டும் உப்பு எங்கே போகிறது? சாக்கடைக்கு. பாலைவன ஊரில் சாக்கடைத் தண்ணீர்கூட வீணாவதில்லை. பீனிக்ஸ் வட்டாரத்தின் சுத்திகரித்த கழிவுநீர்தான் மேற்கே உள்ள பாலோ வெர்டி அணுமின் நிலையத்தைக் குளிர்விக்கிறது. பக்கத்தில் கடலோ பெரிய ஆறோ இல்லாத அணுமின் நிலையம் அது. ஸ்காட்ஸ்டேல் நகரம் கழிவுநீரைச் சுத்திகரித்து கோல்ஃப் மைதானங்களுக்குத் தருகிறது. உப்பு கூடினால் புல் கருகும், எனவே அதை எடுக்க நகரம் செலவழிக்க வேண்டும். சாஃப்ட்னரைக் கழற்றுபவர்களுக்கும் மாற்றுபவர்களுக்கும் அந்த நகரம் தள்ளுபடி அறிவித்தது இதனால்தான். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவில் 2008ல் மக்கள் வாக்களித்தே வீட்டு உப்பு சாஃப்ட்னர்களைத் தடைசெய்தார்கள். சாக்கடைக்கு உப்பு விடாமலே மெதுநீர் வேண்டுமென்றால் தொட்டி மாற்றும் சேவை இருக்கிறது: மாதாமாதம் ஆள் வந்து பழைய ரெசின் தொட்டியை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போவார், உப்பு வேலை அவர்கள் ஆலையில் நடக்கும். மூட்டை தூக்க முடியாத பெரியவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் வாடகை நிற்கவே நிற்காது, சில வருஷத்தில் ஒரு மெஷின் விலையைக் கட்டிவிட்டிருப்பீர்கள்.

மூன்றாவது, 'உப்பில்லா சாஃப்ட்னர்' என்று விற்கப்படுவது. சாஃப்ட்னர் என்று சொன்னாலும் இது எதையும் மெதுவாக்குவதில்லை, கால்சியம் தண்ணீரிலேயே இருக்கும். இந்த வகையில் உருப்படியானது, சுருக்கமாக டி.ஏ.சி. எனப்படும் முறை. அதிலுள்ள மணிகளின் மேற்பரப்பில் கால்சியம் நுண்ணிய படிகங்களாகி மிதந்து போய்விடுவதால் குழாயிலும் ஹீட்டரிலும் ஒட்டாது. டெம்பியிலேயே இருக்கும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதையும் வேறு சில மாற்று வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். படிவைக் குறைப்பதில் டி.ஏ.சி. முதலிடத்தில் வந்தது, மின்காந்தக் கருவி வெகுவாகப் பின்தங்கியது. உப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், தண்ணீர் விரயமும் இல்லை. ஆனால் சோப்பு முன்போலவே நுரைக்காது, தட்டில் வெள்ளை வட்டம் வரும் (துடைத்தால் சுலபமாகப் போகும்), பருப்பும் முன்போலவேதான் வேகும். ஹீட்டரைக் காப்பாற்றுவது ஒன்றே நோக்கம் என்றால் யோசிக்கலாம். குளியலுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். குழாயைச் சுற்றிக் கட்டும் காந்தங்களை விட்டுவிடுங்கள். ஷவரில் திருகும் பில்டர்களும் பெரும்பாலும் குளோரினைத்தான் குறைக்கும், கால்சியத்தை அவற்றால் பிடிக்க முடியாது.

நான்காவது, சமையலறை சிங்க்குக்கு அடியில், தண்ணீரைச் சவ்வின் வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்.ஓ. படிவுப் பிரச்சினைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ருசிக்குத்தான் இது. மீட்டர் காட்டிய அந்த 600 இங்கேதான் 50க்குக் கீழே இறங்கும். 200லிருந்து 400 டாலருக்குள் நீங்களே பொருத்திக்கொள்ளும்படி கிடைக்கிறது. பருப்பு மசியும், டீயில் ஏடு கட்டாது, டிகாக்ஷனுக்கு உயிர் வரும். சென்னையில் கேன் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி பழகியதுதான். குறை, விரயம். பழைய மாடல்கள் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டரைச் சாக்கடையில் விடும், எனவே வாங்கும்போது அந்த விகிதத்தைப் பெட்டிமேல் தேடிப் பாருங்கள். சாஃப்ட்னருக்குப் பின்னால் ஆர்.ஓ. வைத்தால் அதன் சவ்வு நீண்ட நாள் உழைக்கும், சாஃப்ட்னர் சேர்த்த சோடியத்தையும் இது பெருமளவு எடுத்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்து நாமே கடையில் வாங்கினாலும், கதவைத் தட்டியவர் சொன்ன விலையில் பாதி ஆகாது.

ஆர்.ஓ. வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லையா? தண்ணீரும் ஐஸும் மட்டும் விற்கிற சின்னக் கடைகள் இந்த ஊரின் ஒவ்வொரு கடைத்தெருவிலும் இருக்கும். கேனை எடுத்துப்போனால் கேலன் அரை டாலருக்குள் நிரப்பிக்கொள்ளலாம். ஐந்து கேலன் கேன் 19 கிலோ, மாடியில் குடியிருந்தால் மூன்று கேலன் கேனே போதும்.

என் முடிவு இது. சொந்த வீடு, கராஜில் லூப் இருக்கிறது, இன்னும் சில வருஷம் இங்கேதான் என்றால், அளந்து அலசும் நடுத்தர சாஃப்ட்னரும் சிங்க் அடியில் ஆர்.ஓ.வும். வாடகை வீடு என்றால் வினிகர், எலுமிச்சை உப்பு, குடிக்கக் கடைத் தண்ணீர், அவ்வளவுதான். ஆயிரம் டாலரைச் சுவருக்குள் புதைக்க வேண்டாம். சொந்த வீடு, ஆனால் உப்பு சுமக்க ஆளில்லை, லூப்பும் இல்லை என்றால் டி.ஏ.சி.யும் ஆர்.ஓ.வும். தொட்டியில்லாத ஹீட்டர் வைத்திருப்பவர்கள் எதுவுமே செய்யாமல் இருப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, சாஃப்ட்னர் பொருத்த வருபவரிடம் தோட்டக் குழாய்களுக்கு சாஃப்ட்னர் வழியே தண்ணீர் வருகிறதா, நேராக வருகிறதா என்று கேட்டு, திறந்து சோதித்துக்கொள்ளுங்கள். லூப் உள்ள வீடுகளில் அவை பொதுவாக நேர்த் தண்ணீரில்தான் இருக்கும், பழைய வீடுகளில் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. சோடியம் கலந்த தண்ணீர் மண்ணை இறுக்கிவிடும். முருங்கை சமாளித்துக்கொள்ளலாம், தொட்டியில் வைத்த கறிவேப்பிலை தாங்காது. நேர்த் தண்ணீரிலேயே அதன் இலை நரம்பு மட்டும் பச்சையாகி மற்ற இடமெல்லாம் வெளிறினால், தண்ணீரின் காரத்தன்மையால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். நர்சரியில் கிலேட் செய்த இரும்பு உரம் என்று கேட்டால் தருவார்கள்.